பொன்ஜூரைக் கழற்றுவதற்கு முன் பார்த்தவை

கொக்குவிலில் எங்கள் சனசமூக நிலையத்தில் உள்ள விண்டோஸ் 10 கணினியை, பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் பிள்ளைகள் முதல் மரண அறிவித்தல் தட்டச்சுச் செய்ய வருபவர்கள் வரை பலரும் பயன்படுத்துவதால், அதில் யார் எதை நிறுவினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. கணினி மெதுவாகிவிட்டது என்ற முறைப்பாடு வந்தபோது செயலாளர் ஐயா என்னை அழைத்து, "தம்பி, பேர் தெரியாத எல்லாத்தையும் கழட்டி விடுங்கோ, சரிவராட்டிப் போமட் அடிப்பம்" என்றார். பெயர் தெரியவில்லை என்பது மட்டும் ஒரு மென்பொருளை நீக்கக் காரணமாகாது என்பதால், பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று கேட்டுக்கொண்டேன்.

கொண்ட்ரோல் பனலில் நிறுவப்பட்ட மென்பொருட்களின் பட்டியலைத் திறந்தபோது அவருடைய கண்ணில் முதலில் பட்டது, பின்னணியில் இயங்கும் சிறு மென்பொருளான பொன்ஜூர். வெளியிட்டவர் என்ற நிரலில் அப்பிள் நிறுவனத்தின் பெயர் இருந்தது. நிறுவப்பட்ட திகதி ஓர் ஓகஸ்ட் மாதத்தைக் காட்டியது. இத்திகதி பின்னர் வரும் புதுப்பித்தல்களால் மாறக்கூடியது என்பதால் அதை முழுமையாக நம்ப முடியாது. ஆயினும் அது நல்லூர்த் திருவிழாக் காலம் என்பதைச் சொன்னவுடன், கனடாவிலிருந்து வந்த அன்பர் ஒருவர் தம் ஐபோனை இங்கே இணைத்துப் படங்களை எடுத்துத் தந்தது ஐயாவின் நினைவுக்கு வந்தது. அதற்காக, ஐபோனைக் கணினியுடன் இணைக்க உதவும் அப்பிளின் ஐரியூன்ஸ் மென்பொருள் நிறுவப்பட்டிருக்க வேண்டும். ஐரியூன்ஸை நீக்கினாலும் அதனுடன் வந்த பொன்ஜூர் தனியாக எஞ்சி நிற்கும். பட்டியலில் ஐரியூன்ஸ் இருக்கவில்லை.

பெயரை எவரும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் கோப்பையும் பார்த்தேன். இயங்கிக்கொண்டிருக்கும் மென்பொருட்களைக் காட்டும் டாஸ்க் மனேஜரில் அதன் மீது ரைட் கிளிக் செய்து கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்தபோது, அது புரோகிராம் ஃபைல்ஸ் என்ற கோப்புறைக்குள் தனக்குரிய இடத்தில் இருந்தது. கோப்பின் புரொப்பட்டீஸ் பகுதியில் அப்பிளின் டிஜிட்டல் கையொப்பம் செல்லுபடியாகும் என்று காட்டியது. அதே டாஸ்க் மனேஜரில் பொன்ஜூர் எடுத்துக்கொண்ட நினைவகம் மிகச் சொற்பம் என்பதையும், பழைய ஹார்ட் டிஸ்க் நூறு சதவீதத்தில் திணறுவதையும் ஐயாவுக்குக் காட்டினேன். வேகக் குறைவுக்குக் காரணம் இதுவன்று என்பதை அவர் ஏற்றுக்கொண்டது எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது.

அப்படியானால் நீக்குவதா, விடுவதா? பொன்ஜூரின் வேலை, ஒரே வலையமைப்பில் உள்ள பிரிண்டர் போன்ற சாதனங்களைக் கண்டுபிடித்துக் கொடுப்பது. வைஃபை பிரிண்டர்கள் சிலவற்றின் மென்பொருளும் அதை நம்பியிருக்கும். எங்கள் பிரிண்டர் யூஎஸ்பி வயரில் இயங்குவது என்றாலும், ஊகத்தில் விடாமல், பின்னணியில் இயங்குபவற்றைக் காட்டும் சேர்விசஸ் பட்டியலில் பொன்ஜூரை நிறுத்தி, கணினி மீண்டும் தொடங்கும்போது அது தானாக இயங்காதவாறு மாற்றினேன். நிறுத்தியதை ஒரு நொடியில் மீண்டும் இயக்கலாம். நீக்கியதை அப்படி மீட்க முடியாது. சில நாட்கள் வழமைபோல விண்ணப்பங்களும் அறிவித்தல்களும் அச்சாகின. எவரும் குறை சொல்லவில்லை.

அதன்பின், பிழை நேர்ந்தால் கணினியின் அமைப்பை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் ஒரு ரிஸ்டோர் பொயின்ட் உருவாக்கிவிட்டு, பட்டியலின் வழியாகவே அதை நீக்கினேன். கோப்புறையைக் கையால் அழித்திருந்தால், விண்டோஸின் வலையமைப்புப் பகுதியில் அது பதிந்து வைத்திருக்கும் இணைப்பு அறுந்த நிலையில் எஞ்சி, இணையத் தொடர்பிலேயே கோளாறு ஏற்பட்டிருக்கக்கூடும்.

அடுத்ததாக, ஒரே பெயரில் வரிசையாக நின்ற மைக்ரோசொஃப்ட் விசுவல் சி பிளஸ் பிளஸ் பதிவுகளைக் காட்டி, "ஒண்டு போதாதே?" என்று ஐயா கேட்டார். இவை மற்ற மென்பொருட்கள் இயங்கத் தேவைப்படும் துணைக் கோப்புகள். 2010ஆம் ஆண்டுப் பதிப்பை நம்பி எழுதப்பட்ட மென்பொருளுக்கு 2013ஆம் ஆண்டுப் பதிப்பு உதவாது. 2015 முதல் வந்த பதிப்புகள்தாம் ஒன்றாக இணைக்கப்பட்டன. 64 பிட் கணினியிலும் 32 பிட் மென்பொருட்கள் இயங்குவதால் இருவகையும் தேவைப்படுகின்றன. எந்த மென்பொருள் எதை நம்பியிருக்கிறது என்று அந்தப் பட்டியல் காட்டாததால், அவற்றுள் ஒன்றையும் தொடாமல் விட்டோம்.