நால்வர் ஆட்டத்தில் எது முதலில் நிறைவேறும்?

காட்பாடியில் நாங்கள் நால்வர் கூடி ஆடும் 'மேஜிக்: தி கேதரிங்' சீட்டாட்டத்தின் கமாண்டர் வகையில், ஒரே நிகழ்வால் பலருடைய சீட்டுகளின் விளைவுகள் ஒருசேரத் தூண்டப்படும்போதுதான் வாக்குவாதம் எழுகிறது. அப்போது ஆடும் முறைக்குரியவர் தம் விளைவுகளை, நிறைவேறக் காத்திருப்பவற்றின் அடுக்கில் முதலில் வைக்க, மற்றவர்கள் ஆட்ட வரிசைப்படி அவற்றின்மேல் வைக்கிறார்கள். மேலிருப்பதே முதலில் நிறைவேறும். ஆகவே, 40 உயிர்ப்புள்ளிகளில் தொடங்கி ஒன்றே மிஞ்சி நிற்கும் முறைக்குரியவர், மேசையிலுள்ள உயிரினச் சீட்டுகள் எல்லாம் ஒன்றாக அழியும்போது தம் சீட்டு புள்ளி ஈட்டித் தரும் என்று நம்பியிருக்க, எதிராளியின் சீட்டு அதற்குள் அந்த ஒன்றையும் பறித்துவிடும். கொடுமையாகத் தோன்றினாலும், தன் முறையில் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி பெற்றவருக்கு இது நியாயமே என்பது என் கருத்து. ஒவ்வொன்று நிறைவேறிய பின்னும், குறுக்கிட்டு ஆடும் வாய்ப்பை நால்வரும் தொடர்ந்து விட்டுக்கொடுத்தால்தான் அடுத்தது நிறைவேறும் என்பதால், தேநீருக்கு எழுந்து போனவரையும் கேட்டாக வேண்டும்.