ஐப்பசி மழையும் கறுப்புத் திரையும்

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்ததும் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் திரை கறுத்துவிட்டது. ஃபேன் மட்டும் சுற்றுகிறது. அப்பாவின் தேயிலைக் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது, விட மனசில்லை.

இப்படி ஆனால் உடனே புது மானிட்டர் வாங்காதீர்கள். இருட்டறையில் திரைமேல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது பின்னொளிதான், அதாவது திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் விளக்கு. பழைய எல்சிடி திரைகளில் பின்னொளியாக இருப்பது சிசிஎஃப்எல் என்ற மெல்லிய குழல்விளக்கு. நல்ல நிலையில் இருந்தாலும் குளிரில் மெதுவாகத்தான் வெளிச்சம் பிடிக்கும். மலை ஊர்க்காரர்கள் இதை மனதில் வைக்கணும்.

ஒன்றுமே தெரியவில்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் ரேமை (நினைவகப் பலகையை) கழற்றுங்கள். பொன்னிறப் பட்டைகளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, திரும்ப அழுத்திப் பொருத்துங்கள். எங்களுக்கு அதிலேயே படம் வந்துவிட்டது! அப்புறம், திரை மஞ்சளடித்தால், மானிட்டரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் விஜிஏ கேபிளில் நீல நிறத்துக்கான ஊசி வளைந்திருக்கிறதா பாருங்கள்.