படத்த காட்டாம வச்சிருந்த வாரம்

அக்டோபர் 6, திங்கள்

வெள்ளிக்கிழம ஒரு பெரிய ஹாலிவுட் படம் வருது. பேரு வேண்டாம், இந்த ஒரு படத்த பத்தி மட்டும் இல்ல நான் எழுதப்போறது. நாலு மாசமா ட்ரெய்லர் ஓடுது, எங்க திரும்புனாலும் போஸ்டர், ஆனா இன்னைக்கு திங்கள் ஆயிடுச்சு, ஒரு விமர்சனம் கூட வரல, பிரஸ் ஷோ, அதாவது வெளியாகுறதுக்கு முன்னாடி விமர்சகர்களுக்கு போடுற காட்சி, எங்கயாவது போட்டாங்களானு தெரிஞ்சவங்க நாலு பேர்கிட்ட கேட்டேன், யாருக்கும் அழைப்பு வரலயாம். பதினோரு வருஷமா படம் பாத்து எழுதுறேன், இந்த அமைதி எனக்கு நல்லா பழக்கம். படத்த எடுத்தவங்களுக்கே படம் மேல நம்பிக்க இல்லனா தான் பெரும்பாலும் இப்படி நடக்கும்.

சாயங்காலம் அக்கா போன் பண்ணா. "சனிக்கிழம பசங்கள கூட்டிட்டு போலாம்னு இருக்கேன்டா, படம் எப்படி?"

தெரியலக்கா, இன்னும் யாருக்குமே காட்டலன்னேன்.

"ஓ, அப்ப பெரிய சஸ்பென்ஸ் ஏதோ வச்சிருக்காங்க போல"ன்னு சந்தோஷமா சொல்லிட்டு வச்சிட்டா.

அந்த வார்த்த தான் ராத்திரி முழுக்க மண்டைல ஓடிட்டு இருக்கு. எனக்கு எச்சரிக்கையா தெரியிற அதே விஷயம் அவளுக்கு ஆச காட்டுற விஷயமா தெரியுது. அவ மேல தப்பே இல்ல, வேல, வீடு, ரெண்டு பசங்கன்னு ஓடிட்டு இருக்குறவ பிரஸ் ஷோ போட்டாங்களா இல்லையானு எதுக்கு கணக்கு வச்சிருக்கணும்? இந்த வாரம் முழுக்க இத பத்தியே எழுதலாம்னு இருக்கேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, விமர்சகர்களுக்கு காட்டவே மாட்டாங்க, நீயும் டிக்கெட் வாங்கிட்டு ஜனங்களோட வந்து பாத்துக்கோ. இன்னொண்ணு, காட்டுவாங்க, ஆனா இந்த தேதி இந்த மணி வரைக்கும் ஒரு வரி எழுதக் கூடாதுன்னு கட்டுப்பாடு, அதுக்கு பேரு எம்பார்கோ. எம்பார்கோங்கறது தப்பான விஷயம்னு நான் சொல்ல மாட்டேன், எல்லாரும் ஒரே நேரத்துல எழுதுறதால நிதானமா யோசிச்சு எழுத நேரம் கெடைக்குது, யாரு முதல்லன்னு அடிச்சுக்க வேண்டியதில்ல. அந்த மணிய எங்க வைக்கிறாங்கங்கறதுல தான் எல்லாமே இருக்கு. படத்துக்கு பத்து நாள் முன்னாடி வச்சா தைரியம். 2017ல இமோஜி மூவிக்கு ஜூலை 27 மதியம்னு வச்சாங்க, அன்னைக்கு சாயங்காலமே முதல் காட்சிகள் ஆரம்பம். நடுவுல சில மணி நேரம் தான். விமர்சனங்கள் வந்தப்ப கிழி கிழின்னு கிழிச்சிருந்தாங்க, ஆனாலும் அமெரிக்காவுல முதல் வார இறுதில 2 கோடியே 45 லட்சம் டாலர் வந்துடுச்சு.

அந்த மூணு நாளுக்கு ஏன் இவ்ளோ அடிச்சுக்கறாங்கன்னா, பழைய ஒப்பந்த முறைல முதல் வாரம் வசூல்ல ஸ்டூடியோவோட பங்கு அதிகம், வாரம் போகப் போக தியேட்டரோட பங்கு ஏறும். அதனால எல்லாத்தயும் முதல் வாரத்துலயே அள்ளிடணும்னு ஒரு கணக்கு. 1975ல ஜாஸ்ங்கற சுறா படம் வந்தப்ப அமெரிக்காவுல 409 தியேட்டர்ல ஒரே நாள்ல போட்டாங்க, அப்ப அதுவே பெரிய எண்ணிக்கை, இன்னைக்கு பெரிய படம்னா நாலாயிரம் தியேட்டர். அவ்ளோ எடத்துல ஒண்ணா வெளியாகும்போது பாத்தவன் பாக்காதவனுக்கு சொல்றதுக்குள்ள பாதி கல்லா நெறஞ்சிடும்.

ஸ்டூடியோக்காரங்க பயத்துக்கும் காரணம் இருக்கு, அதயும் சொல்லணும். 2024ல ஜோக்கர் ரெண்டாம் பாகத்த ஒரு மாசம் முன்னாடியே வெனிஸ் திரைப்பட விழாவுல காட்டுனாங்க. முதல் பாகம் அதே விழாவுல தங்கச் சிங்கம்ங்கற முதல் பரிசு வாங்குன படம், அந்த நம்பிக்க. ரெண்டாவதுக்கு வரவேற்பு சரியில்ல, ஒரு மாசம் அந்த பேச்சு ஊறி ஊறி, முதல் பாகத்துக்கு 9 கோடியே 62 லட்சம் டாலர்ல தொறந்த எடத்துல இதுக்கு 3 கோடியே 77 லட்சம் தான். படமே அப்படி இருந்ததால தான் விழுந்துச்சுன்னு நான் நினைக்கிறேன், ஆனா மார்க்கெட்டிங் அறைல உக்காந்திருக்குறவங்க இதுல இருந்து எடுத்துக்கற பாடம் "முன்னாடி காட்டியிருக்கக் கூடாது"ங்கறதா தான் இருக்கும்.

அக்டோபர் 8, புதன்

இன்னைக்கு பழசெல்லாம் கிளறிட்டு இருந்தேன்.

2006 தான் இந்த பழக்கம் வெளிப்படையா கண்ணுல பட்ட வருஷம். சைலன்ட் ஹில், விக்கர் மேன் ரீமேக், கிராங்க்னு வரிசையா காட்டாமலே இறக்குனாங்க. ரோஜர் ஈபர்ட், ரிச்சர்ட் ரோப்பர்ங்கற ரெண்டு அமெரிக்க விமர்சகர்கள் பேர்ல ஓடிட்டு இருந்த டிவி நிகழ்ச்சில இந்த மாதிரி படங்களுக்குன்னே விரல ஆட்டி கண்டிக்கிற ஒரு பகுதியே வச்சாங்க. அதே வருஷம் ஸ்னேக்ஸ் ஆன் எ பிளேன், இன்டர்நெட்ல ஒரு வருஷமா அதே பேச்சு, அதயும் காட்டல, ஆனா ஓப்பனிங் ஒன்றரை கோடி டாலர்கிட்ட நின்னுடுச்சு, எல்லாரும் எதிர்பார்த்தது அதுக்கும் மேல. ஒளிச்சு வச்சா கண்டிப்பா ஓடும்னு இல்ல.

2009ல ஜி.ஐ. ஜோ. அதுல தான் எனக்கு ரொம்ப கோவம். பெரும்பாலான பத்திரிகை விமர்சகர்களுக்கு கெடையாது, ஆனா வாஷிங்டன் பக்கத்துல ஆண்ட்ரூஸ் விமானப் படைத் தளத்துல ராணுவத்துக்காரங்களுக்கு போட்டாங்க, சில இணையதளக்காரங்கள தேர்ந்தெடுத்து காட்டுனாங்க. அப்ப காட்டுறதுல பிரச்சன இல்ல, யாருக்கு காட்டுறதுங்கறது தான் பிரச்சன. முதல் வார இறுதி 5 கோடியே 47 லட்சம் டாலர். சத்தமில்லாம எல்லா ஸ்டூடியோவும் அந்த நம்பர பாத்துட்டு தான் இருந்திருக்கும்.

ஒரு விஷயத்துல மட்டும் நான் விட்டுக்குடுக்கணும். காட்டாத படமெல்லாம் மோசம்னு சொல்லிட முடியாது. 1960ல சைக்கோவுக்கு ஹிட்ச்காக் விமர்சகர்களுக்கு தனிக் காட்சியே குடுக்கல, ஜனங்களோட வந்து பாருங்கன்னுட்டார், படம் ஆரம்பிச்சா கதவ சாத்திடுவாங்க, லேட்டா வந்தா யாரா இருந்தாலும் உள்ள விட மாட்டாங்க. நடுப்படத்துல இருக்குற அதிர்ச்சிய காப்பாத்துறதுக்கு தான். முதல்ல வந்த விமர்சனங்கள் பல கலவையா தான் இருந்துச்சு, நியூயார்க் டைம்ஸ்ல சுமாரா எழுதுன பாஸ்லி கிரௌதரே அந்த வருஷக் கடைசில தன்னோட சிறந்த பத்து படத்துல அத சேத்தார். அது கதைய காப்பாத்த ஒளிச்சது. கிராங்க் கூட காட்டாம வந்த படம் தான், பாத்த விமர்சகர்கள் நெறைய பேருக்கு புடிச்சிருந்துச்சு. அமெரிக்க இயக்குநர் டைலர் பெர்ரியோட படங்கள் பலதும் விமர்சகர்களுக்கு காட்டாமலே வந்து அதுக்குன்னு இருக்குற ரசிகர்கள்கிட்ட நேரா போய் சேர்ந்துச்சு, அவங்களுக்கு என்ன கெடைக்கும்னு அவங்களுக்கு தெரியும், அதுல ஏமாத்து இல்ல.

அப்ப என்னோட சண்ட எங்க? படத்த பத்தி எதுவும் தெரியாத ஆளுக்கு ட்ரெய்லர மட்டும் காட்டி டிக்கெட் விக்கிற எடத்துல.

அக்டோபர் 9, வியாழன்

காலைல பாத்தா சோசியல் மீடியா முழுக்க இந்த படத்த பத்தி புகழ்ச்சி. பிரீமியருக்கு இன்ஃப்ளூயன்சர்கள கூப்ட்டு சிவப்பு கம்பளத்துல படம் புடிச்சு அனுப்பியிருக்காங்க, "வேற லெவல்", "கண்ணுக்கு விருந்து"ன்னு ரெண்டு வரில போடுறாங்க. இப்ப இது தான் வழக்கம், சோசியல் மீடியா கருத்துக்கு ஒரு தேதி, முழு விமர்சனத்துக்கு அதுக்கப்பறம் ஒரு தேதி. போடுறவங்க எல்லாரும் பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லல, உண்மையாவே புடிச்சிருக்கலாம். ஆனா புடிச்சவன் பேசலாம், எட போட்டு பாக்குறவன் பேசக் கூடாதுன்னா அது எந்த ஊர் நியாயம்.

புகழ்ற வாய் கெடைக்கலனா உண்டாக்கியும் இருக்காங்க. 2001ல நியூஸ்வீக் பத்திரிகை கண்டுபுடிச்சுது, கொலம்பியா பிக்சர்ஸ் விளம்பரங்கள்ல டேவிட் மேனிங்னு ஒரு விமர்சகர் பாராட்டுறாரே, அப்படி ஒரு மனுஷனே கெடையாது, கொலம்பியாவோட முதலாளி சோனியோட விளம்பரப் பிரிவுல பண்ண வேல. ரிட்ஜ்ஃபீல்ட் பிரஸ்னு கனெக்டிகட்ல நெசமாவே இருக்குற ஒரு சின்ன பத்திரிகை பேர போட்டு, அந்த பத்திரிகைக்கே தெரியாம. வழக்கு நடந்து 2005ல தீர்வு, அந்த படங்கள பாத்தவங்களுக்கு ஆளுக்கு 5 டாலர் திருப்பித் தரணும்னு 15 லட்சம் டாலர் ஒதுக்குனாங்க. விமர்சனமே தேவையில்லன்னு நினைக்கிறவங்க எதுக்கு ஒரு விமர்சகர செஞ்சு வைக்கணும்?

மதியம் ஒரு ஆய்வ திரும்ப எடுத்து படிச்சேன். அலெக்சாண்டர் பிரவுன், காலின் கேமரர், டான் லோவால்லோ மூணு பொருளாதார ஆய்வாளர்கள், 2012ல வந்துச்சு. 1,303 படத்த எடுத்து பாத்திருக்காங்க, விமர்சகர்களுக்கு காட்டாம வெளியிட்டா அமெரிக்க வசூல் 10 முதல் 30 சதவீதம் வரைக்கும் கூட வந்திருக்கு. எல்லாருமே "காட்டல, அப்ப மோசம் போல"ன்னு கணக்கு போட்டா இது நடக்கவே நடக்காது, அவங்க வாதமே அது தான், பாக்க வர்றவங்கள்ல ஒரு பகுதி அந்த கணக்க போடறதில்ல. அதே படங்கள பாத்த ரசிகர்கள் ஏமாந்து போனதும் அந்த தரவுல தெரியுது. வெளிநாட்டுலயும் வீடியோ வாடகையிலயும் இந்த கூடுதல் வசூல் இல்ல, ஏன்னா அங்க போறதுக்குள்ள விமர்சனம் வெளில வந்திருக்கும். வேற காரணங்களும் கலந்திருக்கலாம்னு அவங்களே எழுதியிருக்காங்க, இருந்தாலும் அந்த வெளிநாட்டு விஷயம் எனக்கு போதும்.

படிச்சிட்டு இருக்கும்போதே அக்காகிட்ட இருந்து மெசேஜ், சனிக்கிழம காலை காட்சி, நாலு டிக்கெட் புக் பண்ணிட்டேன்னு. 10 முதல் 30 சதவீதம்னு அந்த பக்கத்துல போட்டிருக்கு, அதுக்குள்ள எங்க அக்காவும் அவ ரெண்டு பசங்களும் உக்காந்திருக்காங்கன்னு தோணுச்சு.

அக்டோபர் 10, வெள்ளி (இல்ல, சனி ஆயிடுச்சு, மணி ரெண்டர)

முதல் காட்சிக்கே என் காசுல போயிட்டு வந்துட்டேன். படம் சுமார். அத விட்டுடலாம், சுமார் படம் எடுக்குறது குத்தமே இல்ல, நூறு பேர் உழைச்சு தான் சுமார் படமும் வருது.

நான் பதறுனது வேற. ட்ரெய்லர்ல முழுக்க சிரிப்பு, பசங்க, ஒரு பறக்குற நாய். படத்தோட ரெண்டாவது பாதில ஒரு தீ விபத்து, அதுல அந்த சின்ன தம்பி சாகுறான், கிட்டத்தட்ட பத்து நிமிஷம், அம்மா கத்துற சத்தம் நிக்கவே இல்ல. எனக்கு முன்னாடி வரிசைல இருந்த ஒரு பாப்பா அழ ஆரம்பிச்சு, அவங்கப்பா தூக்கிட்டு வெளில ஓடுனார். சான்றிதழ்ல இருக்குற ஒரு எழுத்து இதயெல்லாம் சொல்லாது. விமர்சனம்னா நட்சத்திரம் போடறதுன்னு தான் நிறைய பேர் நினைக்கிறாங்க, ஒழுங்கா எழுதுற எவனும் இந்த எடத்துல "சின்ன பசங்களோட போறவங்க யோசிங்க"ன்னு ஒரு வரி, கதைய ஒடைக்காம, கண்டிப்பா எழுதியிருப்பான். செவ்வாய்க்கிழம அந்த வரி வந்திருந்தா அந்த அப்பா வேற படத்துக்கு போயிருப்பார்.

வெளில வந்த உடனே அக்காக்கு போன். சின்னவனுக்கு ஏழு வயசு. "டிக்கெட் திருப்பிக்க மாட்டாங்கடா, அவனும் வாரம் பூரா இதயே சொல்லிட்டு இருக்கான்"னா. எந்த எடத்துல வருதுன்னு சொன்னேன், நாய் தண்ணில விழுற காட்சி முடிஞ்ச உடனே அவன கூட்டிட்டு வெளில வந்துடு, கால் மணி நேரம் கழிச்சு உள்ள போ. சரின்னா. அப்பறம் உக்காந்து எழுதி இப்ப தான் முடிச்சு போட்டேன். கண்ணு எரியுது.

அக்டோபர் 11, சனி

வெளில கூட்டிட்டு வந்துட்டாளாம். பெரியவ மட்டும் உள்ள உக்காந்து பாத்துட்டு வீட்டுக்கு வந்து பேசாம இருக்காளாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

வசூல் மதிப்பீடு வந்துடுச்சு, நல்ல ஓப்பனிங். அடுத்த வாரம் பாதியா விழும்னு நினைக்கிறேன், ஆனா முதல் வாரக் காசு கைக்கு வந்துட்டதால ஸ்டூடியோல யாருக்கும் கவல இருக்காது.

ஒரு நண்பர் கேட்டார், படம் அவங்களோடது, யாருக்கு எப்ப காட்டணும்னு அவங்க இஷ்டம் தானேன்னு. இஷ்டம் தான், சட்டப்படி ஒரு கேள்வியும் கேக்க முடியாது. ஆனா விமர்சகர்கள் சேந்து நின்னா ஒண்ணுமே நடக்காதுன்னும் இல்ல. 2017ல லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ், டிஸ்னிலேண்டுக்கும் அது இருக்குற அனஹைம் நகரத்துக்கும் நடுவுல இருக்குற பண விவகாரத்த எழுதுச்சுன்னு அந்த பத்திரிகை விமர்சகர்களுக்கு டிஸ்னி முன்காட்சி குடுக்குறத நிறுத்துச்சு. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், பாஸ்டன் விமர்சகர் சங்கங்கள், கூட தேசிய சங்கமும், தட நீங்குற வரைக்கும் டிஸ்னி படங்கள் எங்க விருதுக்கு தகுதி இல்லன்னு ஒண்ணா அறிக்க விட்டாங்க. அன்னைக்கே, நவம்பர் 7, டிஸ்னி தடைய எடுத்துடுச்சு. அது பழி வாங்குற தட, இது வியாபாரத் தந்திரம், ரெண்டும் ஒண்ணு இல்லன்னு தெரியும். ஆனா சேந்து நின்னது எனக்கு இன்னும் நினைப்புல இருக்கு. நாங்க செய்யக் கூடிய குறைஞ்சபட்ச காரியம், காட்டாத படத்துக்கு "விமர்சகர்களுக்கு காட்டப்படல"ன்னு செவ்வாய்க்கிழமயே பளிச்சுன்னு எழுதறது. நான் இனிமே எழுதப்போறேன், வாராவாரம், படத்தோட பேரு போட்டு.

இப்ப தான் அக்கா பேசுனா. தீபாவளி லீவுக்கு இன்னொரு படம் வருதாம், பெரியவ கேக்குறாளாம். எப்படி இருக்கும்னு அவ கேக்கல.

"காட்டிட்டாங்களாடா?"ன்னு கேட்டா.