மூன்றேகால் சிசி

நுவரெலியாவில் ஒரு கராஜில் எஞ்சின் கட்டுகிறேன். வருஷம் முழுக்க எஸ்டேட் லொறியும் பழைய வேன்களும்தான், ஆனால் ஏப்ரல் சீசன் நெருங்கினால் மகாகஸ்தோட்டை ஹில் கிளைம்புக்கான (மலைப்பாதையில் யார் வேகமாக ஏறுவது என்ற போட்டி) கார்கள் வரத் தொடங்கிவிடும். 1934இல் தொடங்கிய போட்டி, எங்கள் ஊர்ப் பெருமை.

அப்படி வந்த ஒரு கொரோலாவில் டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ எஞ்சின், நாலு சிலிண்டர், 1587 சிசி. பிஸ்டனை நான்தான் தெரிவு செய்தேன். தலை நன்றாக மேடு கட்டிய உயர டோம் பிஸ்டன், கம்ப்ரஷன் 12.5, அதாவது பிஸ்டன் மேலே வரும்போது கலவை பன்னிரண்டரை மடங்கு சுருங்கும். பாஸ் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, நடுவுல மலையக் கட்டி வச்சிட்டு நெருப்ப சுத்திப் போகச் சொல்றியா?" என்றார். நான் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

அவர் சொன்னது இதுதான். பிளக் நடுவில் இருக்கிறது, நெருப்பு அங்கிருந்து எல்லாப் பக்கமும் பரவ வேண்டும். உயர டோம் இருந்தால் பிஸ்டனுக்கு மேலே கலவை எரியும் அறை தோடம்பழத் தோல் மாதிரி மெலிந்துபோகும், நெருப்பு ஓரத்துக்குப் போய்ச் சேர நேரமெடுக்கும், பரப்பு கூடுவதால் சூடும் வீணாகும். அதனால் பவர் வரவில்லையே என்று டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, முன்னுக்குத் தள்ளுவோம். நானும் தள்ளினேன்.

மலையில் எல்லாம் சரியாகவே ஓடியது! 1868 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய எண்பது வீதம்தான். சிலிண்டருக்குள் போகும் காற்றே குறைவு என்பதால் 95 ஒக்டேன் பெற்றோலிலும் 12.5 நொக் அடிக்கவில்லை (மிச்சக் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடிப்பதுதான் நொக்), அதை என் திறமை என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்புறம் அதே காரைக் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தை ரேசுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே காற்று முழுசாக உள்ளே போனது. சைலன்சர் இரைச்சலில் நொக் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை, மூன்றாவது சுற்றில் புகை. கழற்றினால் பிளக் பீங்கானில் பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியப் பொட்டுகள், மூன்றாவது பிஸ்டனில் மேல் இரண்டு ரிங்குக்கும் நடுவில் உள்ள வரம்பு உடைந்து கிடந்தது.

காரின் சொந்தக்காரரிடம் தப்பு என்னுடையது என்று சொல்ல இரண்டு நாள் ஆனது.

அடுத்த முறை குட்டை டோம் பிஸ்டன் போட்டோம். பிளொக்கின் மேல்முகத்தைக் கொஞ்சம் சீவி, பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் (சிலிண்டரின் மேல்மூடி) நடுவில் உள்ள இடைவெளியை ஒரு மில்லிமீட்டராகக் குறைத்தோம், கலவை ஓரத்திலிருந்து நடுவுக்குப் பீச்சியடிக்கப்பட்டு வேகமாக எரிய வேண்டும் என்பதற்காக. வால்வு இடிக்காமல் இருக்கப் பிஸ்டன் தலையில் வெட்டிய பள்ளங்களின் கூர் விளிம்பை எமரியால் மழுக்கினேன், கூர்மையாக விட்டால் அது கங்காகிப் பொறிக்கு முன்பே பற்றவைத்துவிடும். பிள்ளைகள் விளையாடும் களியைப் பிஸ்டன் தலையில் அப்பி, கையால் எஞ்சினைச் சுற்றி, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க, வால்வு அழுத்திய இடத்தை வெட்டி அளந்தோம். பியூரெட்டால் (அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) எண்ணெய் ஊற்றி அறையையும் அளந்தோம்: கம்ப்ரஷன் 11.5. முன்பு 34.5 சிசி இருந்த அறை இப்போது 37.8. வித்தியாசம் மூன்றேகால் சிசி, ஒரு தேக்கரண்டியில் பாதிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

டைமிங்கைப் பின்னுக்கு எடுத்தும் கார் முன்பைவிடச் சுறுசுறுப்பாக இழுத்தது. பாஸ் ஒன்றும் சொல்லவில்லை, பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

அந்த ஏப்ரல் மகாகஸ்தோட்டையில் எத்தனை நொடியில் ஏறியது என்று மட்டும் கேட்காதீர்கள். அன்றைக்கு மழை.