முதல் ஜம்புக்கு போற பிள்ளையளுக்கு

போன ஞாயிறு காலிமுகத்திடல்ல இஸ்ஸோ வடை சாப்பிட்டுக்கொண்டு நிக்கேக்க அக்காட மகள் கேட்டாள், "மாமா, ஸ்கைடைவிங் பழக ஆசை, ஆனா சரியான பயம், என்ன செய்ய?" எண்டு.

பயம் இருக்கட்டும் பிள்ளை. எனக்கும் தாய்லாந்தில முதல் தரம் பிளேன் கதவு திறக்கேக்க கால் நடுங்கினதுதான். ஆனா குதிச்சாப் பிறகு ரோலர்கோஸ்டர்ல மாதிரி வயிறு கலக்கேல்ல, ஏனெண்டா பிளேன் ஏற்கனவே வேகமா போய்க்கொண்டிருக்கு, அந்த வேகம் உன்னோடயே வரும், பிறகு காத்து உன்னை தாங்குற மாதிரித்தான் இருக்கும்.

முதல்ல டேன்டம் செய், இன்ஸ்ட்ரக்டரோட சேத்துக் கட்டி 13,000 அடி மட்டில இருந்து குதிக்கிறது, மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில ஒரு நிமிசம் விழுவாய். பிடிச்சா ஏஎஃப்எஃப் கோர்ஸ், அதில உனக்கெண்டு தனி பரசூட், இன்ஸ்ட்ரக்டர்மார் பக்கத்தில பிடிச்சுக்கொண்டு வந்து பழக்குவினம். அமெரிக்க முறையில ஏ லைசன்ஸுக்கு, அதாவது தனிய குதிக்கிறதுக்கான முதல் லைசன்ஸுக்கு, குறைஞ்சது 25 ஜம்ப் வேணும், அவசரப்படாத.

வீட்டில இப்பவே பழகலாம்: தரையில குப்புறப் படுத்து, இடுப்பை கீழ அழுத்தி, நெஞ்சையும் காலையும் தூக்கி வளைஞ்சு இரு. விழேக்க இந்த வளைவுதான் உன்னை குப்புற ஆடாம வச்சிருக்கும், உடம்பை விறைச்சா ஆட்டம் காணும். மூச்சு விட மறக்காத, கன பேர் அடக்கிப் பிடிச்சிருவினம்.

பரசூட்டில தரைக்கு இறங்கேக்க காலடியை பாக்காம தூரத்தை பார், இன்ஸ்ட்ரக்டர் ரேடியோவில சொன்ன உடன பரசூட்டின்ர ரெண்டு கைப்பிடியையும் ஒண்டா கீழ இழு. காத்து கூட எண்டு அண்டைக்கு நிப்பாட்டினா சந்தோசமா திரும்பி வா.

பேக்ல ரிசர்வ் பரசூட்டும் இருக்கு எண்டு அம்மாவுக்கு நானே சொல்லுறன்.