தட்டுக்கு எதிரே: நாட்குறிப்பு

ஆகஸ்ட் 11, திங்கள்

இந்த டயட்டீசியன் சார்ட்டே தரவில்லை. முன்பு பார்த்த டயட்டீசியன் தந்த 1,800 கலோரி சார்ட்டை நீட்டினேன்; ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசை ஓரமாக வைத்துவிட்டார். அதில் காலைக்கு மூன்று இட்லி. சாப்பாட்டைக் கண்டாலே பயப்படும் என் மகள் இரண்டே முக்காலில் நிறுத்திவிட்டு, "பெரிய இட்லியா சின்ன இட்லியான்னு போடலையே" என்பாள். அளவு எழுதிய எந்தத் தாளும் அவள் கைக்குப் போனால் சட்டமாகிவிடுகிறது.

இங்கே கிடைத்தது ஒரு கோடு போட்ட நோட்டு. நேரம், என்ன, எங்கே, அப்போது மனதில் என்ன ஓடியது. கிராமும் கலோரியும் எழுதவே கூடாது. மூன்று வேளை, நடுவில் இரண்டு மூன்று முறை ஏதாவது சிறு தீனி, இடைவெளி நாலு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இதற்கா இவ்வளவு ஃபீஸ்?

ஆகஸ்ட் 13, புதன்

எடை மெஷின் பரணுக்குப் போயாயிற்று. இனி வாரம் ஒரு தடவை, அங்கே மட்டும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கடைசி ஆடி வெள்ளி. "விரதம் இருக்கட்டுமாம்மா?" அவ்வளவு பவ்யமாகக் கேட்கிறாள். வேண்டாம் என்றால் சாமிக்கே ஆகாதவள் நான். சரி என்றால் இன்னும் ஒரு நாள் போச்சு. மத்தியானம் வரை இழுபறி. கடைசியில் சர்க்கரைப் பொங்கலை விட்டுவிட்டுத் தயிர் சாதம் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

விரதத்தைச் சொன்னேன். டயட்டீசியன் மேடம் கண்டிப்பார் என்று பார்த்தால், "சாப்பிடாம இருந்தா உனக்கு என்ன கிடைக்குது?" என்று அவளிடமே கேட்கிறார். "மனசு அமைதியா இருக்கு." அதற்கும் தலையாட்டினார்.

அப்புறம்: "மாறணும்னு பத்துக்கு எத்தனை தோணுது?"

"மூணு."

எனக்கு வயிறு கலங்கியது. ஏன் இவ்வளவு குறைச்சல் என்று நானாக இருந்தால் கேட்டிருப்பேன். அவளும் மாறாமல் இருக்க ஏழு காரணம் அடுக்கியிருப்பாள். மேடம் கேட்டது, "ஏன் ஒண்ணு இல்ல, மூணு?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு வந்தது. முடி கொட்டுது. மாடி ஏறினா படபடங்குது. பாட்டு கிளாஸ்ல மேல் ஷட்ஜம் எட்டல. கடைசியாகச் சொன்னது எனக்குத் தெரியவே தெரியாது.

குடியை விட முடியாதவர்களோடு பேசுவதற்காக வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983-இல் எழுதிய முறையாம் இது. வாதாடினால் எதிராளி தன் கட்சியைத்தான் இறுக்கிப் பிடிப்பான் என்பது அதன் அடிப்படை. வீட்டில் ஆறு மாதமாக வேறென்ன நடந்தது?

ஆகஸ்ட் 21, வியாழன்

ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரியாக இருக்கிறது. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையக் கொடுத்தால் அது சரிந்து இதயம் வரை பாதிக்குமாம். நெய்க் கிண்ணத்தை உள்ளே வைத்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பூரணக் கொழுக்கட்டை. பயப்படும் பண்டங்களை ஏணி மாதிரி வரிசைப்படுத்தியிருக்கிறாள். இது ஏழாம் படி, பூரி பத்தாம் படி. பூரணத்தைச் சுரண்டி ஓரத்தில் ஒதுக்கினாள். அப்புறம் அந்த ஒதுக்கியதையும் தின்றாள். நான் சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அரை மணி நேரம் தாயம் விளையாடினோம், பாத்ரூம் பக்கம் விடாமல். பயம் ஏறும், தானாக இறங்கும், கூட உட்கார்ந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் கால் நடுங்கியது மேசைக்கு மேலேயே தெரிந்தது.

நாத்தனார் வந்து, "அட, நல்லா இளைச்சு அழகா ஆயிட்டியே!" என்றாள். நல்ல நாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

நோட்டை எனக்குக் காட்ட மாட்டாளாம். காட்டத் தேவையில்லை என்று மேடமும் சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 1, திங்கள்

ராத்திரி ஒரு மணி வரை பிரியாணி வீடியோ பார்க்கிறாள். தம்பிக்கு விதவிதமாகச் செய்து ஊட்டுகிறாள், தான் தொடுவதில்லை. நடிப்பு என்றே நினைத்திருந்தேன். மேடம் 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொன்னார். ஆன்செல் கீஸ் என்பவர் நல்ல உடம்போடு இருந்த 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டிருக்கிறார். அவர்களில் பலர் சமையல் புத்தகம் படித்தார்களாம், தட்டை நக்கினார்களாம், ஒரு வேளைச் சோற்றை மணிக்கணக்கில் அளைந்தார்களாம்.

"அவங்களுக்கு எந்த வியாதியும் இல்லையா?" என்று இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வழியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு வந்தாள்.

செப்டம்பர் 8, திங்கள்

எட்டாம் வகுப்பில் யாரோ சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றி ஆரம்பித்தாள். மேடம் நிறுத்தினார்: "இது ரொம்ப முக்கியம்மா. ஆனா சைக்காலஜிஸ்ட் மேடம்கிட்ட பேச வேண்டியது. நான் அவங்ககிட்ட சொல்லி வைக்கட்டுமா?" திறந்த வாயை மூட வைத்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம். அவளோ சரி என்று தலையாட்டினாள்.

செப்டம்பர் 15, திங்கள்

300 கிராம் குறைந்திருக்கிறது. ஒரு வாரத்து எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல மாட்டாராம், நாலு வாரக் கோட்டைத்தான் பார்ப்பாராம். அவர் வீட்டில் நடந்தால் தெரியும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நாளை புரட்டாசி பிறக்கிறது. வெள்ளிக்கிழமை மாமியார் வருகிறார், சனிக்கிழமை தோறும் ஒருபொழுது இருப்பவர். "பாட்டியோட நானும் இருக்கேன்" என்று கேட்கத்தான் போகிறாள். அத்தையிடம் முன்கூட்டியே போனில் சொல்லிவிடலாம். என்ன வியாதி என்று கேட்டால்