காலி பாட்டிலை தராசுல வச்சப்போ

காங்கேயம் பக்கம் ஒரு எண்ணெய் மில்லுல பேக்கிங் செக்ஷன்ல பத்து வருஷத்துக்கு மேல இருக்கேன். 2019 ஜனவரியில தமிழ்நாட்டுல பிளாஸ்டிக் தடை வந்துச்சுல்ல, கேரி பேக், பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப் எல்லாம் அதுல போச்சு, எண்ணெய் பாட்டில் அந்த லிஸ்ட்ல இல்ல, ஆனாலும் எங்க ஓனருக்கு மனசு கேக்கல. "தம்பி, நாம கண்ணாடிக்கே மாறிரலாமா, மண்ணுக்கு நல்லதுதானே"ன்னார். எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு.

சாம்பிள் பாட்டில் வந்த அன்னைக்கு சும்மா தராசுல வச்சேன். ஒரு லிட்டர் காலி பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில் 26 கிராம், கண்ணாடி 480 கிராம். அதாவது ஆயிரம் லிட்டர் எண்ணெய் ஏத்துனா கூடவே 480 கிலோ கண்ணாடிக்கும் சேத்து டீசல் எரியுது, அந்தக் கண்ணாடிய உருக்க சூளையில 1500 டிகிரி கிட்ட சூடு வேணும், அது வேற. பெட்டுன்னா வெறும் 26 கிலோ. பவுச் அதைவிட லேசு, ஆனா ரெண்டு மூணு லேயர் ஒட்டுனது, பழைய சாமான் கடைக்காரர் தொடவே மாட்டார், குப்பைக்குத்தான் போகும். பெட்டுக்கு அவர்கிட்ட காசு உண்டு.

கண்ணாடி மோசம்னு சொல்ல வரல. கோலி சோடா பாட்டில் மாதிரி கழுவிக் கழுவி திரும்ப நிரப்புனா அதை அடிச்சுக்க ஆளே இல்ல. எங்க பாட்டில் திரும்பி வராதே, அதான் சிக்கல். நீலகிரியில 2022ல டாஸ்மாக் பாட்டிலுக்கு பத்து ரூபா கூட வாங்கி, காலிய குடுத்தா திருப்பித் தர்ற முறை வந்துச்சு, காசு இருந்தா பாட்டில் வரும்ங்கறத அப்போதான் நம்பினேன்.

ஓனர்கிட்ட எல்லாத்தையும் காட்டினேன், பொறுமையா கேட்டார். வெளியூருக்கு பெட்டே இருக்கட்டும், மில்லு கவுண்டர்ல பாத்திரம் கொண்டு வந்தா லிட்டருக்கு அஞ்சு ரூபா கம்மின்னு போர்டு வச்சோம். முதல் மாசம் நாலஞ்சு பேர்தான் வந்தாங்க, இப்போ சனிக்கிழமைன்னா வரிசையே நிக்குது. ஒரு அம்மா கொண்டு வர்றது பழைய அஞ்சு லிட்டர் பிளாஸ்டிக் கேன், மூடி மட்டும் ஒரு தடவை மாத்திருக்காங்க, அது எந்தக் கம்பெனி கேன்னு படிக்க முடியாத அளவுக்கு லேபிள் தேஞ்சு போச்சு.